இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு ஒயர்

எங்கள் முகாமில் நாற்காலி இல்லாத ஒரே ஆள் ஓரின் ஹாகன். குவார்ட்சைட் என்கிற சின்ன ஊருக்குத் தெற்கே, இந்தப் பாலையில் குளிர்காலத்தைக் கழிக்க வருகிறவர்கள் வீட்டு வண்டியில் அடுப்பு இல்லாமல்கூட வருவார்கள். மடக்கு நாற்காலி இல்லாமல் வரமாட்டார்கள். சாயங்காலமானால் அவரவர் நாற்காலியையும் அவரவர் பீரையும் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் வண்டி முன்னால் வட்டமாக உட்காருவோம். அதுதான் எங்களுக்கு ஊர், பஞ்சாயத்து, சர்ச் எல்லாம். ஓரின் அந்த வட்டத்துக்கு ஓரடி வெளியே, எவர் வண்டியின் பம்பரிலாவது ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். "உட்காருங்களேன்" என்றால், "இப்பதான் உட்கார்ந்திருந்தேன்" என்பார். அந்த வட்டத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பிறந்தது வடக்கு டகோட்டா. அறுபத்தொன்பது வயது, ஒட்டடைக்கம்பு உடம்பு. வேலை செய்த காலமெல்லாம் அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராய்ப் போனவர். டெக்சஸில் கோதுமை பழுக்கும்போது அங்கே இறங்குவார்கள். அது முடிவதற்குள் கேன்சஸில் பழுத்திருக்கும், பிறகு நெப்ராஸ்கா, அப்படியே கதிர் முற்றுகிற திசையில் கனடா எல்லை வரை போய்விடுவார்கள். ஒரு வயலில் நாலு நாள் நின்றால் அடுத்த வயல் உதிர்ந்து போகும். நின்றால் நஷ்டம் என்பது ரத்தத்தில் ஏறிவிட்டது. வேலையை விட்ட பிறகும் அது இறங்கவில்லை. எந்த இடத்திலும் ஒரு வாரம் தாண்டியதில்லை என்று அவரே சொல்வார், ஏதோ பதக்கம் வாங்கியதுபோல. எங்கள் முகாமுக்கும் குளிர்காலத்தில் ஒரு வாரம் வருவார், போவார், மறுபடி வருவார்.

ஒரு மனைவி இருந்தாள். அவள் வீட்டில் இருந்தாள், இவர் வழியில் இருந்தார். ஒரு நாள் அவள், "இந்த வருஷம் இரு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்கு இவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கதவைச் சாத்தாமல்கூடப் போய்விட்டாராம். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் முகத்தைப் பார்க்காமல், பேனலைத் துடைத்துக்கொண்டே.

பேனல் என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் ஓரினைச் சொல்ல முடியாது. எங்களில் பலருக்குச் சோலார் பேனல் வண்டிக் கூரைமேல் படுத்துக் கிடக்கும். கிடைத்த வெயிலை வாங்கும், நாங்களும் கொடுத்ததை வாங்கிக்கொள்வோம். ஓரினுக்கு அது பிடிக்காது. "குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ஞ்சு போகுது. மல்லாந்து படுத்தா எப்படி மூஞ்சியில வெயில் படும்?" என்பார். பெட்டி மாதிரி மடங்குகிற மூன்று பேனல்கள் வைத்திருந்தார். காலையில் அவற்றைத் தரையில் விரித்துக் கிழக்குப் பார்த்து நிமிர்த்தி வைப்பார். காற்றுக்குக் கவிழாமலிருக்க அவற்றின் காலில் கல் வைப்பார். பிறகு சூரியன் நகர நகர அவற்றைத் திருப்பிக்கொண்டே இருப்பார். திருப்புவது, உள்ளே போய் மீட்டரைப் பார்ப்பது, வெளியே வருவது, இன்னும் அரை விரல் திருப்புவது. எனக்குப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றும். "சூரியனுக்கே இவ்வளவு வேலை இல்லை ஓரின்" என்று ஒரு நாள் கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேலையில்லை, மருந்து என்று பிறகுதான் புரிந்தது. கை சும்மா இருந்தால் கால் கிளம்பிவிடும்.

நான் ரோடா. ஒஹையோவில் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்ந்தவள். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை, கழுத்தில் பைனாகுலர். பறவை பார்க்கத்தான் வாங்கினேன். பறவை குறைவான நாட்களில் மனிதர்களைப் பார்ப்பேன்.

அந்த நவம்பரில் ட்வைலா வந்து சேர்ந்தாள். ஓக்லஹோமாக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓட்டிக் குரல் அப்படியே கெட்டியாகிப் போனவள். அவள் மெதுவாகப் பேசினாலே மூன்று வண்டி தள்ளிக் கேட்கும். "ரெண்டு கல்யாணம், ரெண்டும் பஞ்சர், ஸ்டெப்னி இல்ல" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். யானை மாதிரி பழைய வீட்டு வண்டி ஒன்றைத் தன்னந்தனியாக ஓட்டி வந்து, வறண்ட ஓடைக்கரையில் இருக்கிற ஒரே பெரிய மரத்தின் அடியில் ஜம்மென்று நிறுத்தினாள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எங்களுக்கு அது தலைகீழ். இங்கே மரத்தடியில் வண்டியைப் போட்டால், கூரைப் பேனல் நாளெல்லாம் கிளை நிழலில் கிடக்கும். ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலே பேனல் முக்கால்வாசி செத்ததுபோல்தான். ஓக்லஹோமா வெயிலுக்குப் பயந்து வளர்ந்தவளுக்கு அது தெரியவில்லை. நாங்கள் யாரும் சொல்லவுமில்லை. கேட்காமல் அறிவுரை சொல்வது இங்கே அநாகரிகம். கேட்டுவிட்டால் பதினோரு பேர் பதினோரு விதமாகச் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

ட்வைலாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. முகத்தில் மூடி மாட்டி, காற்றைத் தள்ளுகிற சின்ன இயந்திரம் ஒன்று வைத்துத்தான் தூங்க வேண்டும். ராத்திரி முழுக்க அதற்குக் கரண்ட் வேண்டும். பேட்டரிகளோ ஏற்கெனவே கிழடு. தண்ணீர் வற்றிப்போயிருந்தது, அதையும் அவள் பார்க்கவில்லை. நன்றி சொல்லும் பண்டிகைக்கு எல்லாரும் சேர்ந்து வான்கோழி பொரித்த மறுநாள் காலை, அவள் சாயங்கால வட்டம் கூடுகிற இடத்தில் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பேட்டரி செத்துப் போச்சுடி ரோடா. நடு ராத்திரி மெஷின் நின்னு போச்சு. விடியற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன். மகன்கிட்ட போன்ல சொன்னா, டல்சாவுக்குக் கிளம்பி வா, அவன் வீட்டு மாடியறை சும்மாதான் இருக்குன்னுவான். அந்த ரூமுக்கு ஜன்னல் ஒண்ணுதான். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து."

பேனலைத் திருப்பிக்கொண்டிருந்த ஓரினுக்கு இது கேட்டிருக்கிறது. கேட்காமல் எப்படி இருக்கும், அந்தக் குரலுக்கு. அவர் அன்று கிளம்புவதாக இருந்தார். வந்து ஒரு வாரம் முடிந்திருந்தது, தண்ணீர்த் தொட்டிகூட நிரப்பியாகிவிட்டது. நேராக நடந்து வந்து, அவள் வண்டியையும் மரத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"மரத்தடியில வீட்டை வெச்சா வீடு குளிரும். பேட்டரி சாகும்" என்றார்.

"செத்தப்புறம் வந்து சொல்றியே, நீ என்ன டாக்டரா?" என்றாள் ட்வைலா.

ஓரின் வேலையில் இறங்கினார். முதலில் அவளை வண்டியை மரத்தை விட்டு வெளியே எடுக்க வைத்தார். பிறகு தன் வேனிலிருந்து ஒரு நீளமான ஆரஞ்சு நிற ஒயரை எடுத்து வந்தார். ஒரு முனையைத் தன் இன்வெர்ட்டரில் செருகி, மறு முனையை மணலில் இழுத்து வந்து அவள் படுக்கை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். "ராத்திரி மெஷினை இதுல போட்டுக்கங்க. புது பேட்டரிக்குச் சொல்லுங்க. வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

இருக்கேன். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நான் என் காதால் கேட்டேன்.

அதற்கப்புறம் அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே, கட்டிப்போட்ட குதிரை தேவலை. காலையில் எழுந்து வேனைச் சுற்றி வருவார். டயரை உதைத்துப் பார்ப்பார். கண்ணாடியைத் துடைப்பார். ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு இறங்குவார். வரைபடத்தை இன்ஜின் மூடிமேல் விரித்து வைத்துக்கொண்டு நிற்பார். நடுவே நடுவே அந்த ஒயரைப் பார்ப்பார். நரி, முயல் எதுவும் கடிக்காமலிருக்க அதன்மேல் கற்களை வரிசையாக அடுக்கினார். அடுக்கியது சரியில்லை என்று கலைத்து மறுபடி அடுக்கினார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ட்வைலாவுக்கு வாய் சும்மா இருக்குமா. ஜன்னலைத் திறந்து, "யோவ் ஓரின், உன் கரண்ட்ல கோதுமை வாசனை வருதுய்யா" என்பாள். "ராத்திரி கனவுல டிராக்டர் வந்துச்சு." அவர் தலையைத் தூக்காமல், "அறுவடை மெஷின். டிராக்டர் இல்ல" என்பார். "ரெண்டும் ஒண்ணுதான், மூக்கு வேற" என்பாள். பிறகு சோள ரொட்டி சுட்டு ஒரு தட்டில் மூடி எடுத்துப் போவாள். அவர் நின்றுகொண்டே சாப்பிடுவார். அவளும் பக்கத்தில் நின்றுகொண்டே பேசுவாள். இரண்டு பேரும் மணிக்கணக்காக நிற்பார்கள். எனக்குப் பார்த்தே முழங்கால் வலிக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பார்சல் வந்தது. ஊரில் எங்கள் தபால்களை வாங்கி வைக்கிற கடைக்குப் போய் என் காரில்தான் ஏற்றி வந்தோம். ஓரின் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். ட்வைலாவின் மகன் விஷயம் கேட்டுப் பயந்துபோய் ஒன்றுக்கு மூன்று மடங்கு பெரிதாக லித்தியம் பேட்டரி வாங்கி அனுப்பியிருந்தான், கூடவே ஒரு புது இன்வெர்ட்டர். இரண்டு கிழவிகள் மூச்சுப் பிடித்துத் தூக்கி அதை உள்ளே வைத்தோம். கம்பிகளை நான்தான் முடுக்கினேன்; அது எனக்கு ஒன்றும் புதிதில்லை. பேனலிலிருந்து சார்ஜ் ஏற்றும் கருவியில் பழைய பேட்டரி என்று இருந்ததை லித்தியம் என்று மாற்றினோம். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மூச்சு மெஷின் சமர்த்தாக ஓடியது.

"சரி, அந்த ஒயரைச் சுருட்டி அவர்கிட்ட கொடு. பாவம், மனுஷன் விடுதலையாகட்டும்" என்றேன்.

ட்வைலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒயரின் முனை அவள் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, மடியில் வைத்து, பிறகு போர்வைக்கு அடியில் தள்ளினாள்.

"சொல்லாத ரோடா."

"ஏண்டி?"

"இதை எடுத்துக் கொடுத்தா அடுத்த நிமிஷம் போயிருவார். உனக்கே தெரியும்."

"இருங்கன்னு சொல்லேன்."

"அவர் பொண்டாட்டி சொன்னாளே. என்ன ஆச்சு?" அந்தக் கதையை அவளிடம் உளறியதும் நான்தான். அவள் குரல் அன்றைக்குத்தான் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இருந்தது. "நான் சொல்ல மாட்டேன். ஆனா எடுத்தும் கொடுக்க மாட்டேன்."

இதைப் போய் என்னிடம் சொல்லி வைத்தாளே. ரகசியம் எனக்கு வயிற்றில் தங்காது. சாயங்கால வட்டத்தில் ஓரின் பம்பரில் காலை வைத்து நிற்கும்போதெல்லாம் நான் பீரை வாயில் வைத்து அடைத்துக்கொள்வேன். "பேட்டரி இன்னும் வரலையா?" என்று யாராவது கேட்டால் ட்வைலா, "வரும் வரும், வழியில பஞ்சராகியிருக்கும்" என்று வானத்தைப் பார்ப்பாள். ஓரின் காலை மாற்றி வைப்பார். கிறிஸ்துமஸ் போனது. புது வருஷம் வந்தது. ஒரு வாரம் தாண்டாத மனிதர் ஆறு வாரம் தாண்டி நின்றார். வேனைச் சுற்றி அவர் நடந்து நடந்து மணலில் ஒரு பாதையே விழுந்துவிட்டது.

ஜனவரி நடுவில் வானம் மூடிக்கொண்டது. இங்கே மேகம் வந்தால் ஒரு நாள் நிற்கும், மறுநாள் போய்விடும். அது போகவில்லை. மேற்கிலிருந்து சாம்பல் சாம்பலாக வந்து, தூறி, நின்று, மறுபடி மூடியது. மொத்த முகாமும் பேட்டரி சதவீதம் பேச ஆரம்பித்தது. "உன்னுது எவ்வளவு?" "நாற்பது." "என்னுது முப்பத்தஞ்சு." ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்கள் வெட்கமில்லாமல் அதைக் கிளப்பினார்கள். டகடகவென்று அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே ஓடியது. ஓரின் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளாதவர். இன்ஜினிலிருந்து பேட்டரிக்குப் போகிற கம்பியைப் போன வருஷம் பாலைவன எலி கடித்துவிட்டது. அதை அவர் சரிசெய்யவில்லை, சூரியன் இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டார். இப்போது மேகத்துக்குள் எங்கே சூரியன் இருக்கிறது என்று குறிபார்த்துப் பேனலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வேனுக்குப் போனேன். உள்ளே இருட்டு. குளிர்பெட்டியை நிறுத்தி வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து ஆறிப்போன பீன்ஸைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார், நின்றபடி. எல்லாம் நின்றிருந்த அந்த வேனில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: இன்வெர்ட்டர். அதிலிருந்து ஆரஞ்சு ஒயர் வெளியே போனது. யாரும் எதுவும் எடுக்காவிட்டாலும் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே கரண்ட் தின்னும். நல்ல வெயிலில் அது கணக்கிலேயே வராது. இந்த மேகத்தில் அது இவர் சோற்றில் பங்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஆள் பட்டினி கிடக்கிறார், அவள் அங்கே போர்வைக்கு அடியில் ஒயரை வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்குகிறாள். போட்டு உடைத்துவிட்டேன்.

"ஓரின், அந்த இன்வெர்ட்டரை நிறுத்துங்க. அவளுக்கு உங்க கரண்ட் வேண்டியதில்ல. பேட்டரி வந்து ஒரு மாசம் ஆகப் போகுது."

அவர் கரண்டியை டப்பாவில் நட்டார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவ மெஷின் ஓடினா மீட்டர்ல ராத்திரி முழுக்க ஒரு கணக்கு போகும். நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டு வந்த அன்னிலேர்ந்து போகல. இன்வெர்ட்டர் தானா திங்கறது மட்டும்தான்."

ஒரு நாளைக்கு முப்பது தடவை மீட்டரைப் பார்க்கிற மனுஷனிடம் கரண்டை ஒளித்து வைக்கப் பார்த்தோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல.

"அப்புறம் ஏன் இதை ஓட விட்டிருக்கீங்க?"

"அவ ஒயரை எடுக்கலையே."

"அதனால?"

"எடுத்தா போகச் சொல்றான்னு அர்த்தம். எடுக்கற வரைக்கும் நான் நிறுத்த முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "புது பேட்டரி வேற. இந்த மேகத்துல அது நின்னு போச்சுன்னா? மூச்சு விடணும்ல அவ" என்றார்.

"அவகிட்ட பேசித் தொலைங்களேன்."

"பேசினா இருன்னு சொல்லுவா. சொன்னா நான் போயிருவேன், ரோடா. எனக்கே பிடிக்காது, ஆனா போயிருவேன். என் கால் அப்படி." அவர் டப்பாவிலிருந்து கரண்டியை உருவினார். "அவ எடுத்துக் கொடுத்துட்டா மரியாதையா கிளம்பிருவேன். அவ்வளவுதான்."

வெளியே வந்தேன். எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம். ஒருத்தி பேசினால் போய்விடுவாரென்று பேசவில்லை. ஒருவர் பேசினால் போக வேண்டி வருமென்று பேசவில்லை. நடுவில் ஒரு செத்த ஒயர், அதைக் காப்பாற்ற இவர் ஆறிய பீன்ஸ் தின்கிறார். இரண்டு பேர் வண்டியையும் கொளுத்திவிடலாம் போலிருந்தது. அப்படியே எனக்கு அழுகையும் வந்தது. எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையும் வானம் திறக்கவில்லை. நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பீப், பீப், பீப். இன்வெர்ட்டரின் சாவு மணி. பேட்டரி அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று கத்துகிறது. ஓரின் வேனிலிருந்துதான் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

ட்வைலாவின் ஜன்னல் திறந்தது. அவள் கை வெளியே வந்தது. ஆரஞ்சு ஒயர் ஜன்னல் வழியாக விழுந்து மணலில் கிடந்தது.

ஓரினும் வெளியே வந்திருந்தார். அவரும் பார்த்தார். பிறகு திரும்பி, முதல் பேனலின் காலிலிருந்த கல்லை எடுத்தார். அதை மடக்கினார். இரண்டாவதை மடக்கினார்.

"ட்வைலா" என்று கத்தினேன். "அடி பாவி, என்ன காரியம் பண்ணினே? அவருக்கு எல்லாம் தெரியும்டி. நீ எடுத்தா போறதுன்னு இருக்கார்."

அவள் படியில் இறங்கி நின்றாள். இரவு உடை, மேலே தொளதொளவென்று ஒரு கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். நான் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. விறுவிறுவென்று ஓரினைத் தாண்டிப் போய், அவர் வேனுக்குள் கையை விட்டு அந்த முனையையும் பிடுங்கினாள். மொத்த ஒயரையும் கற்களைச் சிதறடித்துக்கொண்டு இழுத்து வந்தாள். அதைத் திருப்பிப் போட்டாள். செருகுகிற முனையைத் தன் ஜன்னலுக்குள் கொடுத்து, உள்ளே ஓடிப்போய்ச் செருகிவிட்டு வந்தாள். மறு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரின் முன்னால் நின்றாள். மூன்றாவது பேனல் அவர் கையில் பாதி மடங்கியிருந்தது.

"பிடி" என்றாள்.

"எனக்கு வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். உன் பேட்டரிக்கு வேணும். சார்ஜரை எடுத்து இதுல போடு. என் பேட்டரி ஒரு குடும்பத்துக்கே போதும், அவன் அப்படி வாங்கி அனுப்பியிருக்கான்."

"யார்கிட்டயும் கரண்ட் வாங்கினதில்ல நான்."

"நானும்தான் வாங்கினதில்ல. ஒரு மாசம் வாங்கினேனா இல்லையா? செத்தா போயிட்டேன்?"

ஓரின் பேனலைக் கீழே வைத்தார். "நீ ஒயரை எடுத்துட்டே."

"பின்னே? உனக்குப் பீப் அடிக்குது, நான் வேடிக்கை பார்க்கணுமா? ஒரு மாசமா காலி ஒயருக்குக் காவல் இருந்திருக்கே, லூசு மாதிரி. அதை நான் ஒரு மாசமா தலைமாட்டுல வெச்சுத் தூங்கியிருக்கேன், உன்னைவிட லூசு மாதிரி."

"ட்வைலா, நான் இருக்க முடியாது." அது கெஞ்சுகிற மாதிரி வந்தது. "நீ கேட்டாலும் முடியாது. நின்னா எனக்கு மூச்சு முட்டுது."

"மூச்சு முட்டறதைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தரியா?" என்றாள் அவள். "யாருய்யா உன்னை இருக்கச் சொன்னது? இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவ நான். காலையில அதே தெரு, சாயங்காலம் அதே தெரு. நான் வண்டி வாங்கினது மரத்தடியில உட்காரவா? உன் வண்டிக்கு நாலு சக்கரம். என் வண்டிக்கு ஆறு இருக்கு."

ஓரின் அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பழைய யானையின் சக்கரங்களை உண்மையிலேயே எண்ணினார், நான் பார்த்தேன். பிறகு ஒயரை வாங்கிக்கொண்டார்.

"பின்னாடி உள் டயர்ல காத்து கம்மியா இருக்கு. முதல் வாரமே பார்த்தேன்" என்றார்.

"பார்த்துட்டு சும்மா இருந்தியா?"

"நீ எங்கேயும் போறவளா தெரியல."

அன்று பகல் முழுக்கவும் மறுநாள் பாதியும் அவர் பேட்டரி அவள் பேட்டரியிலிருந்து குடித்தது. கொடுக்கிறவராக நிற்பது அவருக்குப் பழக்கம், வாங்குகிறவராக நிற்கத் தெரியவில்லை. ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நன்றி என்று மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் திட்டு வாங்கினார். அவள் டயருக்குக் காற்றடித்தார், எண்ணெய் பார்த்தார், கூரைமேல் ஏறி அவள் பேனல்களைச் சாய்த்து நிமிர்த்த ஒரு தாங்கி செய்து தருவதாக அளவெடுத்தார். ராத்திரி விளக்குப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் அதே வரைபடத்தைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். அவர் சொன்ன வழியில் அவள் வண்டி ஏறாது, அவள் சொன்ன வழி அவருக்குச் சுற்று.

வானம் திறந்த அன்று காலை கிளம்பினார்கள். இங்கே யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. பிரிவுக்குச் சடங்கு கிடையாது. வழியில் பார்ப்போம் என்று கையைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். ட்வைலா மட்டும் இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடித்து, "வாயாடி, நீ மட்டும் அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா" என்றாள். ஹாரனை அடித்து முகாமையே எழுப்பிவிட்டுப் போனாள்.

நான் என் வண்டி ஏணியில் ஏறிப் பைனாகுலரை எடுத்தேன். ஓரின் வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. அவள் வண்டி பின்னால் பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கி, ஆமை வேகத்தில் போனது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. வேன் நெடுஞ்சாலைக்குப் பக்கம் போய்விட்டது, இவள் இன்னும் பாதி தூரத்தில். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கால்களை எனக்குத் தெரியும்.

மண் சாலை நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில் வேன் நின்றது. கதவு திறந்தது. அவர் இறங்கினார், வேனை ஒரு சுற்று சுற்றினார், டயரை உதைத்தார், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வருகிற பக்கமே பார்த்து நின்றார். மறுபடி ஒரு சுற்று. லாரிகள் அவரைத் தாண்டி வடக்கே போயின. அவர் ஏறவில்லை. அவளுடைய வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்வரை அந்த மனுஷன் அங்கேயே இருந்தார்.